வித்துராவுக்கு மேலே ஒரு புள்ளிக்கோட்டுப் பாதை

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "வழி இருக்கிறது, இதோ, படத்தில் பாருங்கள்."

1978 ஜனவரி, ஒரு புதன்கிழமை. வெள்ளைக்காரர் காலத்து நில அளவைப் படம் ஒன்று பழைய புத்தகக் கடையில் நான்கு ரூபாய்க்குக் கிடைத்திருந்தது. மைலுக்கு ஓர் அங்குலம். அதில் பொன்முடி அடிவாரத்திலிருந்து ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு ஒற்றையடிப் பாதை புள்ளிக்கோடாக ஏறியது. இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். துரையின் பங்களாவுக்குப் படத்தில் பெயர் உண்டு. நூறு குடும்பங்கள் வாழ்ந்த இடத்துக்குக் 'கூலி லைன்ஸ்' என்பதோடு சரி. கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தம்பானூர் பஸ் நிலையத்தில் காலை 5.50 பஸ். வித்துராவுக்கு 37 கிலோமீட்டர், இரண்டு ரூபாய் அறுபது பைசா. பிறகு பொன்முடி பஸ்ஸில் எண்பது பைசாவுக்கு அடிவார உயர்நிலைப் பள்ளி. இறங்கும்போது மணி 8.40. பள்ளிக்குப் பின்னால், படம் காட்டிய அதே ஓடைக்கரையில், பாதை தொடங்கியது.

ஒன்பதாவது படிக்கும் மகள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டு ஒரு பெண் திரும்பிக்கொண்டிருந்தாள். பெயர் செல்லக்கனி. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். சேர்ந்து ஏறினோம். படத்தைக் காட்டினேன். கடலோர மாவட்டம் என்பதால் இந்தப் படத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்றும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஒன்றரை மைல், ஐம்பது நிமிடம். உச்சியில் புது இரும்புக் கேட். எஸ்டேட் அதைப் பூட்டப்போகிறது. பூட்டினால் பள்ளிக்கு வளைவுச் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். முதல் பஸ்ஸோ பத்தரைக்குத்தான். அன்று அதை விசாரிக்க வில்லேஜ் ஆபீசர் வந்திருந்தார்.

"இவ்விடெ வழியே இருந்ததில்லை சாரே. வெறும் காடு," என்றார் எஸ்டேட் சூப்பர்வைசர்.

"எங்க அம்ம காலத்துலேர்ந்து நடக்கோம். காட்டுப்பன்னியும் இது வழியாத்தான் போவுது. அதுக்கு யாரு பாஸ் குடுத்தா?" என்றாள் செல்லக்கனி.

"அப்போ பன்னிய சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

கேட்டருகே கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வில்லேஜ் ஆபீசர் சிரிக்கவில்லை. "ரேகை வல்லதும் உண்டோ, அம்மா? வாய்ப்பேச்சை எழுதிக்கிட ஒக்காது," என்றார். ரேகை என்றால் இங்கே ஆவணம்.

செல்லக்கனி என் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எங்ககிட்ட ஏது சாரே ரேகை," என்றாள். பையின் வாரைப் பிடித்தபடி நான் நின்றேன். வழியே இல்லை என்று அவர் எழுதி முடித்தார். கூசாமல் பொய் சொன்ன சூப்பர்வைசர் மேல் வந்த கோபம் இறங்கவில்லை. என் மேல் வந்தது அதைவிடப் பெரிது. பழைய படம் படிக்கத் தெரிந்ததை வரலாற்று அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மலையில் அந்த வரலாறு ஒரே ஒருமுறை தேவைப்பட்டது, அதுவும் பத்து நிமிடம்.

போக நினைப்பவர்களுக்கு: கீழே வரக் கடைசி பஸ் 4.15. மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஊர்ப்பெயர்களைவிட ஓடைகளை நம்புங்கள். படத்தைப் பையிலிருந்து எடுக்கத் துணிவில்லையென்றால் போகாதீர்கள்.

நான்கு நாள் கழித்துப் படத்திலிருந்து பாதையைப் பிரதி எடுத்து வில்லேஜ் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணை முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது; கேட்டையும் பூட்டிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது செல்லக்கனியின் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை. அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தாள்.