ஸ்டெல்லாவின் கண்ணாடியில் இல்லாத குழி

ஸ்டெல்லா மெருகேற்றிய கண்ணாடியில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பதாகக் காட்டியவன் நான். தெரிந்தேதான் செய்தேன். அவள் இன்று என் மனைவி... இன்றுவரை அவளுக்கு இது தெரியாது.

அவளிடம் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத உங்களிடம் சொல்வது கோழைத்தனம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கோழைத்தனம்தான். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் தாமோதரன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன். ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பாதியில் நின்றேன். அதன்பிறகு எந்த ஊரும், எந்த வேலையும் ஒட்டவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றினேன். படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். காருக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். சாப்பிடாத நாளும் உண்டு, பேருந்து நிறுத்தத்தில் படுத்த நாளும் உண்டு. அவற்றைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா இடத்திலிருந்தும் நானாகத்தான் கிளம்பினேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னவர்களும் யாருமில்லை.

அப்படித் திரிந்தவன் ஒரகடத்தில் ஒரு சிறிய கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். லேசரால் இரும்பை வெட்டும் இயந்திரங்களுக்குள் பொருத்துகிற வட்டக் கண்ணாடிகளை அங்கே செய்தார்கள். எனக்குப் பெட்டி கட்டுகிற வேலை. அளவு பார்க்கும் அறையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், சூப்பர்வைசர் மூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டார்.

"டேய் தாமு, உனக்கு ஒரே எடத்துல குந்திக்கினு இருக்க வருமா?"

"வராது சார்."

"வரும், வா. ஏசி ரூமு. மூச்ச அடக்கிக்கினு குந்தணும். அவ்ளோதான் வேல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த அறையில்தான் இன்டர்ஃபெரோமீட்டர் இருந்தது. அந்தப் பெயர் என் வாயில் நுழையவே வெகுநாள் ஆனது. மற்றவர்களுக்கு அது வெறும் 'மெஷின்'.

அது செய்வதை எளிதாகவே சொல்லிவிடலாம். சிவப்பு லேசர் ஒளி மிகத் தட்டையான ஓர் ஆதாரக் கண்ணாடியில் பட்டும், நாம் வைக்கும் கண்ணாடியில் பட்டும் திரும்பி வரும். அந்த இரண்டு ஒளியும் கலக்கும்போது திரையில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். நம் கண்ணாடி தட்டையாக இருந்தால் கோடுகள் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் போல நேராக நிற்கும். நடுவில் குழியோ மேடோ இருந்தால் வளையும். ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு இருக்குமே, அந்த அளவு குழி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்!

சாலையில் லாரி போனால் கோடுகள் நடுங்கும். பக்கத்தில் நின்று பேசினால் நடுங்கும். எல்லாவற்றையும்விடச் சூடு ஆகாது. மெருகேற்றும் பிரிவிலிருந்து வரும் கண்ணாடி வேலைச் சூட்டோடு வரும். அதை மெஷின் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பலகையில் வைத்து, அறையின் குளிர்ச்சிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆறாத கண்ணாடியை அளக்கக் கூடாது. கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. பின்பக்கத்தில் கைச்சூடு ஏறினாலே போதும், கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, முன்பக்கம் நடுவில் குழிந்தது போலக் காட்டும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் அளந்தால், இல்லாத குழி பதிவாகிவிடும்.

மூர்த்தி சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

ஸ்டெல்லா மெருகேற்றும் பிரிவில் இருந்தாள். வாலாஜாபாத் பக்கத்துப் பெண். சுழலும் தட்டின் மேல் கண்ணாடியை வைத்து, குழம்பு மாதிரி ஒரு மருந்தை ஊற்றி ஊற்றித் தேய்க்கிற வேலை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கைப்பழக்கம். அவள் கண்ணாடி என் மெஷினில் தேறாமல் திரும்பியது அபூர்வம். ஆறவைத்துவிட்டுப் போகிறவள், கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்பாள்.

"டாக்டரே, புள்ள எப்டி கீது?"

"தாயும் சேயும் நலம். கெளம்பு, கோடு ஆடுது."

"நான் வெளில நின்னா உனக்குக் கோடு ஆடுதா? நல்லா கீதே கத!"

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இதற்காகவே நான் அந்த வேலையில் தங்கினேன் என்றால் நம்புவீர்களா? எங்கும் தங்காத நான், ஒரு கதவுச் சதுரத்தில் தெரிகிற முகத்துக்காகத் தங்கினேன்!

பிறகுதான் ஐதராபாத் வந்தது. தொலைநோக்கிக் கண்ணாடிகள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மெருகேற்ற ஆள் தேவைப்பட்டது. அவர்கள் எங்களிடம் கண்ணாடி வாங்குகிறவர்கள். அதனால் எங்களிடமே கேட்டார்கள். மூர்த்தி சார் ஸ்டெல்லா பெயரைச் சொன்னார். அவள் ஒரு கண்ணாடியைத் தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையாலேயே செய்து தர வேண்டும். எங்கள் மெஷினில் அளந்த பதிவோடு அதை அவர்கள் ஆள் வந்து எடுத்துப் போவார். தேறினால் பயிற்சி, நிரந்தர வேலை.

"ஆள் ஒசரக் கண்ணாடியாம் தாமு! நட்சத்திரத்தப் பாக்கறதுக்கு! நம்ம கை பட்ட கண்ணாடில நட்சத்திரம் தெரியும்னு நெனச்சிப் பாரேன்."

"போய்ட்டு வா" என்றேன்.

"வர்றதுலாம் இல்லப்பா. போனா போனதுதான்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எத்தனை இடங்களில் இதே சொல்லை நான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்! நின்று பார்க்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது யோசித்தேனா?

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலேயே கண்ணாடியைக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டுப் போனாள். மதியம் அறையில் நான் மட்டும். மூர்த்தி சார் சாப்பிட்டுவிட்டு வந்து பதிவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கையுறை போட்டு, கண்ணாடியை எடுத்து மெஷினில் வைத்தேன். காற்றில் கோடு ஆடாமலிருக்க ஏசியை நிறுத்தினேன். மூச்சை அடக்கினேன்.

கோடுகள் விழுந்தன.

நேர்க்கோடுகள்... ஓரம்வரை, ஒரு பிசிறுகூட இல்லாமல்! அந்த அறையில் அவ்வளவு சுத்தமான கோடுகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பதிவு செய்யும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அழுத்தினால் அவள் போய்விடுவாள்.

அழுத்தவில்லை.

வலது கையுறையைக் கழற்றினேன். கண்ணாடியை எடுத்து, பின்பக்கத்து நடுவில் உள்ளங்கையை ஒட்டிவைத்தேன். சில்லென்று இருந்தது. மெல்ல மெல்ல அந்தச் சில்லிப்பு போயிற்று. கைச்சூடு அதற்குள் இறங்குவதை நான் உணர்ந்தேன். 'எடுத்துவிடு, எடுத்துவிடு' என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

திரும்ப வைத்தேன். கோடுகள் வில்லாக வளைந்து நின்றன. பொத்தானை அழுத்தினேன்.

கையுறையை மாட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது. மூர்த்தி சார். அவர் பின்னால் ஸ்டெல்லா.

"இன்னாடா, குழி காட்டுது?" மூர்த்தி சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஆமா சார்."

ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "காலைல நான் டெஸ்ட் பிளேட்ட வச்சிப் பாத்தேனே சார்... நேராதான இருந்திச்சி." டெஸ்ட் பிளேட் என்பது மெருகேற்றுகிறவர்கள் தங்கள் கண்ணாடி மேல் வைத்துச் சோதிக்கும் மாதிரிக் கண்ணாடி.

"பிளேட்டு ஒரு குத்துமதிப்புக்குத்தானம்மா. மெஷினு சொல்றதுதான் கணக்கு."

அவள் விடவில்லை. "தாமு, இன்னும் கொஞ்சம் ஆறவச்சி இன்னொரு தபா பாக்கலாமா?"

கேட்டீர்களா? அவள் அந்த இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டாள்! கொஞ்ச நேரம் சும்மா விட்டிருந்தால் கோடுகள் தாமாகவே நிமிர்ந்திருக்கும். என் பாவம் நடந்த சுவடே இல்லாமல் மறைந்திருக்கும். "சரி, பார்ப்போம்" என்ற இரண்டு சொல் போதும்.

நான் சொன்னது இது: "காலைலேந்து ஆறிக்கினுதான கீது."

மூர்த்தி சார் தலையாட்டினார். "நாளைக்கு அவுங்க ஆளு வந்துடுவாரு. ஓரத்த மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுத்துடு ஸ்டெல்லா. உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

நடுவில் குழி என்றால் சுற்றியுள்ள ஓரத்தைத் தேய்த்து இறக்க வேண்டும். அவளும் தேய்த்தாள். இல்லாத குழிக்காக, சரியாக இருந்த ஓரத்தைத் தேய்த்தாள். அன்று மாலை முழுக்க அவள் தட்டு சுழலும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்... எழுந்தேன். கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கண்ணாடி நன்றாக ஆறியிருந்தது. மூர்த்தி சாரும் அவளும் பக்கத்தில் நிற்க, கையுறையோடு எடுத்து வைத்தேன். இந்த முறை நான் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய தேவையே இல்லை! ஓரம் சரிந்து, நடு மேடாகி, கோடுகள் எதிர்ப்பக்கம் வளைந்து கிடந்தன. மெஷின் உண்மையைத்தான் சொன்னது. என் பொய் அந்தக் கண்ணாடியில் மெய்யாகிவிட்டிருந்தது.

சரிந்த ஓரத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் முழுப் பரப்பையும் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அதற்கு நேரமில்லை. ஐதராபாத் ஆள் வந்தார், பார்த்தார், வேறு கம்பெனியில் ஆள் தேடிப் போய்விட்டார்.

ஸ்டெல்லா அழவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். சில நாளில் மெருகேற்றும் வேலையை விட்டுவிட்டாள். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு மின்னணுக் கம்பெனியில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் லைனில் சேர்ந்தாள்.

பிறகு நாங்கள் பழகினோம். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். படப்பையில் வாடகை வீடு. கம்பெனியில் பழகிய 'நீ'யை அவள் மாற்றவில்லை. அவளோடு இருக்கும்போது எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை. நான் விரும்பியது நடந்துவிட்டது... நடந்த விதத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி சார் அவளைப் போனில் அழைத்தார். வாலாஜாபாத் சாலையில் சொந்தமாக ஒரு சிறிய கண்ணாடிப் பட்டறை போட்டிருக்கிறாராம். மெருகேற்றத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள்.

"என்ன சார் வெளாட்றீங்களா? நான் கெடுத்த பீஸ மறந்துட்டீங்களா?"

"அது கெடக்குதும்மா, ஒரே ஒரு பீஸு! யோசிச்சி வையி, திரும்பக் கூப்புட்றேன்."

போன் அணைந்ததும், "போயேன் ஸ்டெல்லா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வேணாம்பா. என் கைக்கு அது வராது. அன்னைக்குக் கண்ணும் நேரா கீதுன்னு சொல்லிச்சி, கையும் சொல்லிச்சி. ரெண்டும் பொய்யாப் போச்சி. அதுக்கப்புறம் எத நம்பிக் கண்ணாடியத் தொட்றது?"

சொல்லிவிட வேண்டும் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது.

"அன்னைக்கு... மெஷினு தப்பாக் காட்டியிருந்தா?"

அவள் சிரித்தாள். "மெஷினு தப்பாக் காட்டலாம். நீ காட்ட மாட்டியே! உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னைக்கு நீ நெனச்சிருந்தா எனக்குப் பாஸு போட்டுக் குடுத்திருக்கலாம். உனக்கு என்மேல ஒரு இது இருந்திச்சின்னு எனக்குத் தெரியாதா இன்னா? அப்பவும் நீ பொய் போடல. கட்டிக்கினா இவனத்தான் கட்டிக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவள் கையை அவளுக்குத் திருப்பித் தர வேண்டுமானால், அவள் நம்பிக் கட்டிக்கொண்ட ஆளை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். இரண்டில் எது அவளுக்குப் பெரிய நஷ்டம்? இல்லை... இந்தக் கேள்வியே ஏமாற்று. என் நஷ்டத்தைத்தான் அவள் பெயரில் கணக்குப் பார்க்கிறேன்!

அன்றே கொஞ்ச நேரத்தில் மூர்த்தி சாரின் அழைப்பு மறுபடி வந்தது. அவள் கையெல்லாம் சோப்பு நுரை.

"நீயே எடுத்துச் சொல்லிடுப்பா, வர்லன்னு. நான் சொன்னா அவுரு விட மாட்டாரு."

எடுத்தேன்.

"இன்னாடா தாமு, இன்னா சொல்றா ஸ்டெல்லா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்லயாம் சார்" என்றேன். "அவ கைக்கு அது வராதாம்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவள் குனிந்து துணியை அலசத் தொடங்கினாள்.