நான்கு வினாடி லாக்லன்

மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் மெரியானா இந்நேரம் ஆக்லந்தில் நல்ல சம்பளத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனர்ஸ் என்கிற நாலாம் வருடத்தை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. ஒரு தலைப்பு, ஓர் ஆய்வேடு, வருடம் முழுக்க மண்டைக்குடைச்சல். கம்ப்யூட்டர் சயன்ஸில் அதை விரும்பி எடுக்கக் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். அவளுக்கு இருந்தது.

தெற்கே டனீடின் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வாய்த்தது ஒரு செத்துப்போனவனின் தலைப்பு. முந்தின வருடம் லாக்லன் என்பவன், சதுப்பு நிலத்தில் ஒளிந்து கத்தும் மாதாதா பறவையின் குரலை ஒலிப்பதிவுகளிலிருந்து தானே கற்று, பறவை உண்டா இல்லையா என்று சொல்லும் நிரல் எழுதினான். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரி என்று காட்டி முதல் வகுப்பு வாங்கினான். பட்டமளிப்புக்கு முந்தின வாரம் அவன் கார் ஜல்லிச் சாலையில் சறுக்கி ஆற்றில் விழுந்தது. அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வது மெரியானாவின் வேலை.

பறவை கத்துவதைக் கேட்டால்தான் லாக்லன் கையால் பதிவுப் பொத்தானை அமுக்குவான். அமுக்கியதும் சொல்வான்: "ஆத்தோரம். ஈரக் காத்து. ஆரம்பிக்கிறேன்." அந்தத் தெற்குச் சீமைக்காரர்களுக்கே உரிய உருட்டல், ஒவ்வொரு 'ர'விலும். பறவையில்லாத பதிவுகளைக் கருவி தானாக எடுத்தது. அவற்றில் அவன் குரல் இல்லை. எட்டு மாதம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, ரொட்டிக் கடை வரிசையில் யாராவது 'ர'வை உருட்டினாலும் அவள் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். எவனோ நிற்பான்.

அவள் புதிதாக எடுத்து வந்த முந்நூறு பதிவுகளில் நிரல் ஒரு பறவையைக்கூடக் காணவில்லை. காதால் கேட்டால் பறவை தெளிவாகக் கத்தியது. செப்டம்பரில் ஒரு மதியம், லாக்லனின் பதிவுகளில் முதல் நான்கு வினாடியை வெட்டிவிட்டு ஓட்டினாள். தொண்ணூற்று நாலு ஐம்பத்து மூன்றாகச் சரிந்தது. வெட்டிய துண்டுகளை மட்டும் கொடுத்தாள். பறவை இல்லை, அவன் குரல் மட்டும்தான். வரிசையாக வந்தது: உண்டு, உண்டு, உண்டு.

நிரல் பறவையைக் கற்கவே இல்லை. அவனைக் கற்றிருந்தது.

"அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடு," என்றார் வழிகாட்டி நைஜல். "வெள்ளிக்கிழமை அவனோட அப்பா வர்றார். மகன் பேர்ல பரிசு வைக்கிறார். அந்த மனுஷன் முன்னாடியா இதைச் சொல்றது?"

"அடிக்குறிப்புல ஒளிச்சா என் ஆய்வேடே பொய் ஆயிடும் நைஜல்."

"வெள்ளி போகட்டும், அப்புறம் பேசலாம்."

"நான் மேடை ஏறி என் ஆய்வைச் சொல்றதே வெள்ளிக்கிழமைதானே!"

சொன்னால் இறந்தவன் பெயர் கெடும், சொல்லாவிட்டால் தன் வருடம் கெடும். நைஜலுக்கென்ன, நோகாமல் சொல்லிவிட்டார். அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாக்லனின் அப்பா டங்கன் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். ஆட்டுப் பண்ணைக்காரர், கோட்டு அவருக்குப் பழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவரை ஆய்வகத்தில் உட்காரவைத்து, மெரியானா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ என் பையன் செஞ்சது தப்பா?"

"அவர் காது தப்பு பண்ணலைங்க. பறவைன்னு அவர் குறிச்சது ஒவ்வொண்ணும் பறவைதான். நிரல்தான் பறவையை விட்டுட்டு அவரைப் பிடிச்சுக்கிச்சு."

"நீ பேசிப் பார்த்தியா?"

"பார்த்தேன். இல்லைன்னுதான் வருது."

டங்கன் நிரலோடு இணைத்திருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார். "அவன் என்னம்மா சொல்லுவான்?"

அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர் குனிந்து, கூச்சத்தோடு, 'ர'வை உருட்டிச் சொன்னார்: "ஆத்தோரம். ஈரக் காத்து. ஆரம்பிக்கிறேன்."

திரையில் வந்தது: உண்டு. உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

டங்கன் அந்தச் சொல்லை விரலால் தொட்டார்.

"போய் எல்லார் முன்னாடியும் தப்புன்னே சொல்லும்மா," என்றார். "மூடி மறைக்கிறது அவனுக்கே ஆகாது. நீ போ. நான் இங்கேயே இருக்கேன்."

அவள் காகிதங்களை அள்ளிக்கொண்டு கதவருகே போனபோது, அவர் மறுபடி குனிவது தெரிந்தது.

"லாக்லன்... எங்கேடா இருக்கே? வர்றியா?"

உண்டு, என்றது திரை.