ஸ்டேடியத்தில் பக்கத்து நிரை

இரண்டு மூன்று வாரமாக இந்த இடத்தில் வேறு எதையெதையோ எழுதி உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லைதான்... ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், ஹட்டனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் நின்றுகொண்டு, இங்கிலாந்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரோடு போனில் சண்டை போட்டேன். சண்டை என்றா சொன்னேன்? அவர் சண்டைக்கே வரவில்லை. அதுதான் கொடுமை!

என் பக்கத்தில் சரோஜா நின்றாள். கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய மகள் கௌரி என்னிடம் படித்தவள். அந்த உரிமையில்தான், "டீச்சர், எனக்காக இங்கிலீசுல ரெண்டு வார்த்த பேசுங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சரோஜாவின் புருஷன் தங்கராசு. தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்தான். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அங்கே ஒரு ஊரில் புத்தம் புதிதாக ஒரு ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்கள். அதில் கிளீனர் வேலை.

அந்த ஸ்டேடியத்தின் போட்டோ, தோட்டத்து வரிசை வீடான லயத்தில், சரோஜாவின் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்த்தால் மூச்சு நின்றுவிடும். தூணே இல்லாத கூரை, கண்ணாடி, வரிசை வரிசையாக நாற்காலிகள், நடுவில் பச்சைப் பசேலென்று புல். ஒரு வாரம் ஃபுட்பால், மறுவாரம் ரக்பி லீக். நம் கண்டியில் ஆடுவதும் ரக்பிதானே என்று கேட்பீர்கள். இது வேறு ரகமாம். ஆள் கணக்குகூட வேறாம். எந்த ஆட்டமாக இருந்தால் என்ன? ஜனங்கள் தின்றுவிட்டுக் குப்பையைக் காலடியில் போடுவதில் வித்தியாசம் இல்லை.

"நம்ம மலைய வெட்டி வட்டமா வச்ச மாதிரி இருக்கும் புள்ள. படிப்படியா நிரை. நடுவுல மட்டுந்தான் புல்லு" என்று அவன் போனில் சொல்வானாம்.

"நாங்க இங்க கொழுந்து பறிக்கிறோம், நீங்க அங்க குப்ப பறிக்கிறீங்க!" என்று இவள் கேலி செய்வாளாம்.

அந்த ஸ்டேடியத்தில்தான் செத்துப்போனான். மேட்ச் நடந்த மறுநாள் காலை. பனி உறைந்திருந்த மேல் படியில் கால் வழுக்கி, கீழே கான்கிரீட்டில் விழுந்திருக்கிறான்.

அவனோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையன்தான் பஜார் கடைக்குப் போன் எடுத்து, சரோஜாவைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னான். சொன்னவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா, இன்னொரு விசயம்... கொம்பனிக்காரர் ஒரு மாதிரிக் கதைக்கினம். தன்ர பக்கத்தை விட்டிட்டு மற்றப் பக்கம் ஏன் போனவர் எண்டு கேக்கினம். சாமான் ஏதும் எடுக்கப் போனவரோ எண்டு..."

"திருடப் போனாருன்னா சொல்றானுங்க? எம் புருசனையா?" — கடை நிறைய ஆள் நிற்கும்போது சரோஜா அலறியிருக்கிறாள். பாவி, வாய்விட்டு அலறாமல் இருந்திருக்கக் கூடாதா? அவள் ரிசீவரை வைப்பதற்குள் அந்த வார்த்தை தோட்டத்துக்கு ஏறிவிட்டது. பிணம் வந்து சேர இன்னும் நாள் இருந்தது. பெயர் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"பொட்டி வர்றதுக்குள்ள, அவரு திருடப் போகலன்னு அந்தக் கம்பெனிக்காரன் வாயால ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவன் ஏன் அந்தப் பக்கம் போனான் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லாருக்குமே தெரியும். மலையில் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலை. தன் நிரையை முடித்தவள் கூடையோடு சும்மா நிற்க மாட்டாள். பக்கத்து நிரையில் யாராவது பின்தங்கி இருந்தால், எதிர்ப்பக்கமாக இறங்கிக் கை கொடுப்பாள். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரி, வயசான மனுஷி... யாராக இருந்தாலும். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கும் இதே பழக்கம்தான். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

ஸ்டேடியத்தில் தங்கராசுவுக்குப் பக்கத்துப் பகுதி ஓர் அம்மாவுக்கு. அவரும் எந்த நாட்டிலிருந்தோ பிழைக்க வந்தவர். "அந்தம்மாவுக்கு முட்டிவலி, குனிய முடியல பாவம். நா முடிச்சிட்டு அதுக்குக் கொஞ்சம் பொறுக்கிக் குடுத்துட்டுத்தான் வருவேன்" என்று அவனே சரோஜாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறான்.

போனை எடுத்தவர் கிளீனிங் கம்பெனியின் சூப்பர்வைசர். நல்ல மரியாதையான குரல். எடுத்த எடுப்பில் மிகவும் வருந்துகிறோம் என்றார். வெள்ளைக்காரர் வருந்தும்போது நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும். இருந்தது.

"ஆனால் மேடம், அவர் தனக்குக் கொடுத்த இடத்தில் இல்லை."

"திருடினார் என்கிறீர்களா?"

"அப்படி நாங்கள் சொல்லவில்லை. ஆட்டம் பார்க்க வந்தவர்களின் பொருட்கள் சில முன்பு காணாமல் போயிருக்கின்றன. அதனால் ஒருவர் பகுதிக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்பது விதி."

"அவர் பாக்கெட்டில் என்ன இருந்தது?"

"ஒன்றும் இல்லை. கையில் ஒரு குப்பைப் பை இருந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருடப் போகிறவன் குப்பைப் பையோடா போவான்?" என்று கத்தினேன். கடைக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான். பிறகு நிதானித்து, எங்கள் மலையின் வழக்கத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் விளக்கினேன். நிரை, பின்தங்கியவள், எதிர்ப்பக்கமாக இறங்குவது... பொறுமையாகத்தான் கேட்டார்.

"அழகான வழக்கம் மேடம். ஆனால் அந்தப் பகுதியில் வேலை செய்தவரையும் விசாரித்துவிட்டோம். தனக்கு யாரும் எப்போதும் உதவியதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்."

இதற்குமேல் என்ன பேசுவது? உதவி வாங்கினேன் என்றால் அந்த அம்மாவும் விதியை மீறியவர். அவருக்கு வேலை வேண்டும். "திருடவில்லை என்றாவது சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன். தெரியாத ஒன்றைத் தன்னால் சொல்ல முடியாதாம். மறுபடியும் வருந்தினார். போனை வைத்துவிட்டார்.

"என்னாங்க டீச்சர் சொன்னான்?"

சொன்னேன். திருடன் என்று சொல்லவில்லை, திருடன் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"நாசமாப் போக! அவ கை வெளங்குமா? அவளுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தாரே டீச்சர்!" நடுக்கடையில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"வேலை போயிடும்னு பயந்திருப்பா சரோஜா..."

"எனக்கு மட்டும் பயம் இல்லீங்களா?"

டீச்சர் என்று கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருக்குமா?

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. திறக்க விடவில்லை. தோட்டத்தில் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. தப்பு மேளம் அடித்தார்கள், குழி வெட்டினார்கள், தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நடந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல மனுசந்தான்... என்னாத்துக்கு அடுத்தவன் எடத்துக்குப் போனாரு?"

எனக்குக் கேட்டது சரோஜாவுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பவே இல்லை.

ஆயிரம் நிரையில் ஆயிரம் தடவை அடுத்தவர் இடத்துக்குள் இறங்கியவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். ஒரு மனிதன் எதற்காகப் போனான் என்பதை மறக்கடிக்க, எங்கோ ஒரு கம்பெனியின் சந்தேகம் போதுமானதாக இருக்கிறது. அதுவும் முழுதாகச் சொல்லாத சந்தேகம். படித்தவர்களிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? என் ஸ்டாஃப் ரூமிலேயே ஒருவர், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நேற்று முன்தினம் சரோஜாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். லயம் பூட்டிக் கிடந்தது. மலையில் இருக்கிறாள் என்றார்கள். ஏறினேன். தாயும் மகளும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சரோஜா தலையை மட்டும் அசைத்தாள். கை நிற்கவில்லை.

கௌரி தன் நிரையை முடித்தாள். பக்கத்து நிரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பாதிகூட வந்திருக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று பறித்தாள். கௌரி கூடையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.

"அடியே! ஒன் நிரை முடிஞ்சிருச்சுல்ல? அங்கனயே நில்லு!"

சரோஜாவின் குரல்தான். மலையே திரும்பிப் பார்த்தது.

"இல்லம்மா, அக்காவுக்கு முடியல..."

"முடியலன்னா அது கங்காணி பாடு. நீ போகாத. நாளைக்கி ஒனக்கு ஒண்ணுன்னா, நீ ஒதவிக்கு வந்தேன்னு எவளும் சொல்ல மாட்டா."

கௌரி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி தலையைக் குனிந்துகொண்டு பறிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஸ்டேடியத்து விதி எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.