தடை போட்ட வெள்ளிக்கிழமை

இன்று காலை போனில் செய்தி வந்தது: நீர்வரத்து கூடியதால் குற்றாலத்தில் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. பக்கத்திலேயே இருக்கும் எங்கள் மேலகரத்துக்காரர்களுக்கு இது சீசன் நேரத்துச் சாதாரணச் செய்தி. படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் இடது காறை எலும்பு ஒரு தடவை சுண்டும். சாரல் குளிர் என்கிறார் டாக்டர். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது கோபம்.

தடை நாட்களில் குற்றாலம் சாலை காலியாகக் கிடக்கும். அந்தச் சாலையில்தான் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டப் பழகினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய கியர் சைக்கிள், சாம்பல் நிறம். விடிந்தும் விடியாமலும் கிளம்பினால், நேந்திரங்காய் சிப்ஸுக்கு எண்ணெய் காயும் வாசம் வரும் இடத்தில் மூச்சு வாங்கும். ஐந்தருவி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவேன். ஒரு வருடம் கழித்து ஒருநாள் இறங்காமலே ஏறினேன். பார்ப்பதற்கு அங்கே ஒரு குரங்குதான் இருந்தது. அது கண்டுகொள்ளவில்லை.

அந்தத் திமிரில்தான் நானும் கல்லூரித் தோழி ஷீபாவும் இலங்கையில் ஒன்பது நாள் சைக்கிள் பயணம் என்று முடிவெடுத்தோம். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். இதற்கு நாற்பத்தொரு வரி. சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து, மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் திரும்பப் பூட்டினோம். பதினேழாவது வரி: முன் பிரேக் போல்ட் இறுக்குதல். அதற்கு நேராக டிக் இருக்கிறது. போல்ட்டை விரலால் திருகிவிட்டு ஸ்பேனரைத் தேடும்போது ஷீபா டீ வந்துவிட்டது என்றாள். குடித்துவிட்டு வந்து டிக் மட்டும் அடித்தேன்.

ஐந்தாம் நாள், நுவரெலியாவிலிருந்து இறங்கும் சரிவில் அது கழன்றது. வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் தலைத்துண்டை அவிழ்த்து என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். தென்காசி என்றேன்.

"அம்புட்டுத் தூரமும் இதுலயா வந்தீங்க?"

வலியிலும் சிரிப்பு வந்தது. என் பயணத்தைப் பற்றி யாராவது வியந்து கேட்ட கேள்வி இதுவரை அது ஒன்றுதான்.

தொழிற்சாலையில் என் வேலை, இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று காரணம் எழுதுவது. காரணத்தைத் தவறாக எழுதினால் அதே இயந்திரம் அதே இடத்தில் மறுபடி நிற்கும். தவறு செய்தவர்மேல் எனக்குக் கோபம் வராது. காரணத்தை மாற்றி எழுதுகிறவர்மேல் வரும்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் காரணம் மாறியிருந்தது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், நான் வெளிநாடு போனதையே அப்பா யாரிடமும் சொல்லவில்லை. கட்டோடு வந்து நின்றதும், ஐந்தருவியில் வழுக்கிவிட்டாள் என்று முடிவாயிற்று. விழுந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே அம்மாவின் தங்கை, தூத்துக்குடிச் சித்தி, சீசனுக்குக் குடும்பத்தோடு வந்திறங்கினாள்.

"ஏட்டி, என்னைக்கு விழுந்த?"

அப்பா முந்திக்கொண்டு வெள்ளிக்கிழமை என்றார். அந்தப் பொய்யில் நாள் மட்டும்தான் உண்மை.

"வெள்ளிக்கெழமயா? அன்னைக்கு எல்லா அருவிலயும் தடைலா? வராதீய, குளிக்க விட மாட்டாவன்னு அத்தான்தான போன் போட்டுச் சொன்னாவ?"

அருவியை வைத்துப் பொய் சொல்வதென்றால் எங்கள் ஊரில் முதலில் தடை நாளைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. அம்மா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நிஜத்தைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. சைக்கிள், சரிவு, போல்ட், நான்: நான்கே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"பாத்ரூம்ல விழுந்தேன் சித்தி. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "இதுக்குப் போயா அருவிய இழுத்தீய, அத்தான்?" என்றாள் சித்தி. அப்பாவும் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தென்காசி ஆஸ்பத்திரியில் கைக்கட்டை மாற்றிக்கொண்டு வந்தால், மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காணோம், சைக்கிளோடு.

"இலத்தூர்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டேம்மா," என்றார் அப்பா. "பெட்டில விமானச் சீட்டுலா ஒட்டியிருக்கு. யாராது பாத்துக் கேட்டா என்ன சொல்லுதது?"

சண்டை போட எனக்கு வாய் இல்லை. பாத்ரூமில் விழுந்தேன் என்று சொன்ன வாய் அது. அந்தக் கல்யாணப் பேச்சும் வேறு ஏதோ காரணத்தால் நின்றுபோனது.

மூன்று சீசன் போய்விட்டது. ஷீபா மீதி நான்கு நாளையும் தனியாக ஓட்டி முடித்தாள். அவள் அனுப்பிய படங்களை இன்னும் முழுதாக நான் பார்க்கவில்லை. சிப்ஸ் கடை இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. சாம்பல் சைக்கிளை இலத்தூரில் யார் ஓட்டுகிறார்கள், போல்ட்டை இறுக்கினார்களா, தெரியாது. மிஞ்சியது பட்டியல் மட்டும்தான்.

இன்று அதைத் தேடி எடுத்து, பதினேழாவது வரியின் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: இறுக்கவில்லை. அந்தத் தாளோடு கூடத்துக்குப் போனேன். இந்த முறை சொல்லியே விடுவது என்றுதான். அப்பா சித்தியிடம் போனில், தடை போட்டிருக்கிறார்கள், இப்போது வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தினார்.

"பாத்ரூம்ல ஈரமா கெடக்கும்மா. பாத்துப் போ. ஏற்கெனவே விழுந்து அடிபட்ட கை."

கேலி இல்லை. உண்மையான அக்கறை. இந்த வீட்டில் நான் சைக்கிளிலிருந்து விழுந்ததே இல்லை. ஓட்டியதும் இல்லை.