கழிப்பறைக்குக் கூறு விலை

இன்று புதுச்சத்திரம் சந்தையில் தக்காளி விற்கும் பாவாயி அக்கா என்னைப் பேரத்தில் மடக்கிவிட்டார்.

பஞ்சாயத்து கட்டிய சந்தைக் கழிப்பறையை இந்த வருடம் ஏலத்தில் எடுத்திருப்பவன் நான். ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். வாங்க வருகிறவர்கள் கொடுக்கிறார்கள். விற்க வரும் பெண்கள் மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"சந்தையன்னிக்குத் தண்ணியே குடிக்கிறதில்லீங்க. குடிச்சாத்தானுங்களே உங்ககிட்ட வரோணும்? போன மாசம் நீர்க்கடுப்புல துடிச்சுப் போயிட்டேன்."

"நானும் ஏலப் பணம் கட்டியிருக்கேனுங்கக்கா."

அக்கா சாக்கின் மேல் சின்னச் சின்னக் கூறாகக் குவித்திருந்த தக்காளியைக் காட்டினார்.

"இதுல ஒரு பழம் இன்ன வெலைன்னு சொல்லுவேனுங்களா? கூறு இவ்வளவுன்னுதான் சொல்லுவேன். ஒண்ணொண்ணா வித்தா பொழுது சாஞ்சும் பாதிப் பழம் என்கிட்டயே கெடக்கும். எங்களுக்கும் கூறு போட்டுக் குடுங்க."

பக்கத்துக் கீரைக்கார அம்மா விடவில்லை. "கூறுன்னா கொசுறும் உண்டுங்க சாமி!"

"கொசுறுக்கு என்ன வேணும்?"

"குடிக்கத் தண்ணி வெய்யுங்க."

கடை வரிசையே சிரித்தது.

நூல் மில்லோடும் லாரிக்காரர்களோடும் பேரம் பேசியே வளர்ந்தவன் நான். வராத ஆளிடம் பத்து ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. வீடு வந்தும் பிரமிப்பு அடங்கவில்லை.

நான் ஏமாந்தேனா, பிழைத்தேனா, வியாபாரிகள் சொல்லுங்கள். முடிந்த விலை இது: விற்க வரும் பெண்களுக்குச் சந்தை நாள் முழுக்க, எத்தனை தடவை போனாலும், பத்து ரூபாய். குடிதண்ணீர் என் செலவு.