பால்காரரின் மூன்றாவது கன்று

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ராயபுரத்தில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து விறகுக்காரர், உப்பு விற்பவள், தபால்காரர் என்று நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. அதிலும் பால்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பார்கள். அவர் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார். நான் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன்.

அவருடைய பசு வெள்ளை வெளேரென்ற நெல்லூர் மாடு. கறக்க வரும்போது அவர் தோளில் ஒரு தோல்கன்று இருக்கும். செத்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைத்தது. அதை முன்னால் வைத்தால்தான் பசு நக்கிக்கொண்டே பால் சுரக்கும். முதல் ஈற்றுக்கும் தோல்கன்று, இரண்டாம் ஈற்றுக்கும் தோல்கன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்று குடித்தால் விற்பதற்குக் குறையுமே என்று பட்டினி போட்டே சாகடிக்கிறவர்கள் பட்டணத்தில் இருக்கத்தான் செய்தார்கள். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினேன். மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஏது? குழாயடியில் சொன்னேன். ஐந்து வீடுகள் அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டன.

"இன்னாம்மா, நான் கன்னைக் கொல்றேன்னு சொல்லிகினு கீறியாமே?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பின்னே ரெண்டும் தானாவே செத்துப்பூட்டுச்சாக்கும்?"

"மூணாவது ஈனட்டும். உன் வாசல்லயே கொண்டாந்து வுடறேன். நீயே பாத்துக்கோ."

சொன்னபடியே செய்தார். மூன்றாவது கன்றைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அது குடித்து மிஞ்சியதைத்தான் கறந்தார். சில நாள் ஆழாக்குகூடத் தேறாது. அப்போதும் நான் நம்பவில்லை. என் கண்ணுக்காக இங்கே மட்டும் ஊட்டவிட்டு வீட்டில் வாயைக் கட்டிப்போடுகிறாரோ என்று, வந்ததும் வராததுமாகக் கன்றின் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். வயிறு நிரம்பித்தான் இருந்தது. ஆனால் கீழே இறக்கிவிட்டால் முன்னங்கால் மடங்கிவிடும். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மடி எங்கே என்று தெரியாமல் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருக்கும். அவர்தான் காம்பைப் பிடித்து வாயில் வைப்பார்.

ஒன்பதாம் நாள் தோளில் ஒன்றுமில்லாமல் வந்தார். "இந்தவாட்டி தோலை உரிக்க மனசு வர்லம்மா" என்றார். பசு பாலை அடக்கிக்கொண்டு நின்றது.

எனக்கு வருத்தம்தான். ஆனால் சந்தேகம் சும்மா இருக்குமா? பட்டினி இல்லையென்றால் வேறு என்ன?

"மாட்டை எந்தக் காளைக்கு வுட்டே?" என்று கேட்டேன்.

"நம்ம காளைதாம்மா, மூணு தபாவும். இங்க சுத்திகினு கீறதெல்லாம் கலப்பு. எவன் காளைய நம்பறது? நம்ம காளை அசல் நெல்லூரு. இந்தப் பசுவே அதுக்குப் பொறந்ததுதான்." சொல்லும்போது அந்தத் துக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை. காளைகள் விஷயத்தில் அவர் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரராக இருந்தார்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. நெல்லூர்க் காளைகள் அப்போது வெளிதேசத்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவற்றோடு வரும் தெலுங்குக்காரர் ஒருவரிடம் இந்தக் கன்றுகளைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். சரியாகக் கேட்டிருக்கமாட்டார் என்று மறுநாளும் கேட்கச் சொன்னேன். இரண்டு தடவையும் ஒரே பதில்தான். ஒரு காளையின் பெண்கன்றுகள் பருவத்துக்கு வருமுன் அந்தக் காளையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். அப்பனையே மகளோடு சேர்த்தால் கண் தெரியாததும் கால் நிற்காததுமாகக் கன்று விழுமாம்.

மறுநாள் காலை பால்காரரிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"அப்போ நீ சொன்னது நெசந்தாம்மா. மூணையும் நான்தான் கொன்னுகீறேன்."

"ஐயோ, அப்படி இல்லப்பா! நீ தெரியாமதானே செஞ்சே?" என்றேன். அவர் கறக்க உட்காராமலே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் நான் சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அன்றே ஐந்து வீடுகளுக்கும் போனேன். அந்த மனுஷர் கன்றைப் பட்டினி போடவில்லை, என் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி அவரிடமே பால் வாங்குங்கள் என்று கெஞ்சினேன். நான்கு வீட்டில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்டி சொல்றதுக்கு உனுக்கு இன்னா குட்த்தான் அவன்?" என்று கேட்டாள்.