குழியில் தண்ணீர், கையில் போன்

தேவிபட்டினம் பக்கத்தில் படகுத்துறை கட்டிய வேலை அது. முதல் தூணுக்கு வெட்டிய குழியில் கடல் தண்ணீர் ஊறி, ஒரே இரவில் வாய்வரை நிறைந்துவிட்டது. கான்கிரீட் போட வேண்டிய நாளும் அன்றுதான்.

அந்தத் தூணின் பொறுப்பு என்னோடு வேலைக்குச் சேர்ந்த ரேவதிக்கு. முந்தின வாரம் வேறொரு சைட்டில் ஒரு லோடு கான்கிரீட், குழி தயாராகாமல் காத்திருந்து லாரியிலேயே இறுகிப்போனது. அந்த இன்ஜினியரை முதலாளி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முதலாளி ராமநாதபுரத்திலிருந்து போன் செய்தார்.

"லாரி நிக்குது. அங்கன வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். இப்ப விடவா?"

ரேவதி கணக்குப் போட்டாள். ஊற்றைச் சேர்க்காமல் பார்த்தால், பெரிய பம்ப் தனியாக ஓடிக் குழி மூன்று மணி நேரத்தில் வற்றும், சின்ன பம்ப் என்றால் நான்கு. காலிக் குழி ஊறி நிறையப் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு பம்பும் சேர்ந்து ஓடினால்?

t/3 + t/4 − t/12 = 1

பின்னத்தை ஒழிக்கப் பன்னிரண்டால் பெருக்கினாள். 4t + 3t − t = 1. அப்படியானால் t என்பது ஆறில் ஒரு மணி, அதாவது பத்து நிமிடம். விடச் சொல்லலாம் என்று வாயெடுத்தவளை நான் நிறுத்தினேன்.

"பெரிய பம்புக்கே மூணு மணி நேரம். பத்து நிமிசம் எப்படி வரும்?"

பேப்பரை மறுபடி பார்த்தாள். இடப்பக்கம் எல்லாவற்றையும் பெருக்கியவள், வலப்பக்க ஒன்றை அப்படியே விட்டிருந்தாள். அதையும் பெருக்கினால் 6t = 12. இரண்டு மணி நேரம்.

"லாரி இப்ப வேணாம் சார். ஒரு மணி நேரங் கழிச்சு விடுங்க."

அவர் கத்தியது எனக்கே கேட்டது. தாமதமானால் நீதான் பொறுப்பு என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது.

இரண்டு பம்பையும் உடனே ஓடவிட்டோம். லாரி வந்தபோது குழியின் அடி தெரிந்தது. ஊற்றை அடக்க ஒரு பம்பை ஓடவிட்டு, கான்கிரீட்டை இறக்கினோம். ரேவதியின் வேலை தப்பியது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பின்னத்தை ஒழிக்கும்போது கண் பின்னங்கள் மேலேயே இருக்கும். கீழே எண் இல்லாத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அன்று அந்த ஒன்றுதான் முழுக் குழி.